பிளீச்சிங் வாளியில் ஏழு வருடம்

மாலை 4.10. படச்சுருள் வாளியில் கிடந்தது.

கறுப்புப் பிலிமில் ஊசியால் கீறிக் கீறி, ஒவ்வொரு சின்னப் படமாக வரைந்த கார்ட்டூன் அது. ஓடுவது மூன்று நிமிடம். கீறியது ஏழு வருடம். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கோட்டிலிருந்து முளைத்து, கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் தின்று தீர்க்கிற கதை. வேறு பிரதி கிடையாது. பிளீச்சிங் தண்ணீர் அதை வெறும் கண்ணாடித் தாளாக்கியிருந்தது.

இந்த மாதிரிப் படங்களுக்காக ஊர் ஊராக அலையும் பைத்தியங்கள் முப்பது பேர், ஆறு மணிக் காட்சிக்கு அரங்கு வாசலில் காத்திருந்தார்கள். வரைந்தவள் வாளியருகே உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாலாவது தேவலை.

4.35. பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். நேற்று ஒத்திகைக் காட்சி பார்த்தவர்கள் மூவர்: ஆபரேட்டர், வரைந்தவளின் கணவன், அவளுடைய தங்கை. சுருள் இருந்த புரொஜெக்டர் அறையின் சாவி மூவருக்கும் எட்டுகிற ஆணியில்தான் தொங்கியது.

"படத்துல என்ன பார்த்தீங்க?"

"ஃபோகஸ் பார்த்தேன் மேடம்," என்றார் ஆபரேட்டர். "கதை பார்க்கவா சம்பளம் தர்றாங்க?"

"ஒண்ணும் புரியல," என்றாள் தங்கை. "அக்கா படமாச்சேன்னு கை தட்டினேன்."

"திரையில ஒரு தடவை பார்த்ததோட சரி, சுருளைத் தொட்டதுகூட இல்ல," என்றான் கணவன். "என்னைக் குரங்கா வரைஞ்சா, போகட்டும். ஆனா கட்டிப்பிடிக்கிற இடத்துல, உதட்டோரம் தங்கச்சியோட மச்சத்தை வச்சிருக்க வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் வரைந்தவளிடம் திரும்பினார். "மச்சம் எத்தனை படத்துல வருது?"

"மச்சமா? நான் எங்க வரைஞ்சேன்?" யோசித்தாள். "ஒரு படத்துல ஊசி வழுக்கி, உதட்டோரம் புள்ளி விழுந்துச்சு. கீறினதை அழிக்க முடியாது. நாலாயிரத்துச் சொச்சத்துல ஒண்ணுதானே, யார் கண்ணுக்கும் படாதுன்னு விட்டுட்டேன்."

"படாதுதான். நொடிக்கு இருபத்துநாலு படம் ஓடுது. சுருளைக் கையில பிரிச்சு, வெளிச்சத்துல பிடிச்சு, ஒவ்வொண்ணா பார்த்தாத்தான் அந்தப் புள்ளி தெரியும். உங்க வீட்டுக்காரர் அப்படித் தேடியிருக்காரு. பார்த்துட்டு, பயந்து, வாளியில போட்டிருக்காரு."

"என்ன பயம் அவருக்கு?"

தங்கையின் கை தானாக உதட்டோரத்தை மூடியது. அந்த நிமிடம் வரை வரைந்தவளுக்கு ஒன்றுமே தெரியாது.

"எத்தனை நாளா?"

"மூணு வருசமா, அக்கா."

5.55. அவள் சுருளைத் துடைத்து ஆபரேட்டரிடம் நீட்டினாள்.

"அது சாட்சிம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணு நிமிஷம் கழிச்சு எடுத்துக்குங்க."

திரையில் வெள்ளை வெளிச்சம் மட்டும் ஓடி முடிந்தது. முப்பது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தாம்பத்தியத்தை இதைவிட உண்மையாக யாரும் காட்டியதில்லை என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரைந்தவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.