மூன்றாம் பிளாக்

இரண்டு பொம்மை ரயில்களும் அலமாரியில்தான் இருந்தன. பச்சை மேல் தட்டில், நீலம் கீழ்த் தட்டில், நாலு நாலு பெட்டிகளாக, அவர் நேற்று துடைத்து வைத்தபடியே. தண்டவாளத்தின் மேல் ஒரு சக்கரம்கூட இல்லை. ஆனாலும் கட்டுப்பாட்டுப் பலகையில் மூன்றாவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மொத்தம் ஐந்து விளக்குகள். பாதையை ஐந்து துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. அந்தத் துண்டுக்குப் பெயர் பிளாக். ரயில் உள்ளே நுழைந்தால் அதன் மோட்டார் மின்சாரத்தை இழுக்கும், விளக்கு எரியும். வெளியே போனதும் அணைந்துவிடும். முதல் இரண்டு பிளாக்குகள் மரத்தூண்களின் மேல் ஓடும் பாதை. மூன்றாவது சுரங்கம். நான்காவதில் ஒரு ஸ்டேஷன், இந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நிஜமாகவே இருக்கும் ஸ்டேஷனின் அச்சு அசல் நகல்.

இது மகளின் அறையாக இருந்தது. இப்போது சுவருக்குச் சுவர் பிளைவுட் மேஜை. பெட்டி ஜன்னல்களின் வெளிச்சம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அறையின் ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். ஈயப்பற்றும் பெயிண்டும் கலந்த வாசனைக்குள் வெளியே பெய்யும் மழையின் வாசனையும் எப்படியோ புகுந்திருந்தது. கதவுக்குப் பின்னால் அவள் குடை. அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு போக மறந்திருந்தாள்.

மேஜை மேலே ஊரைப் போட்டு, அதற்கு அடியில் சுரங்கத்தை ஒரு மூடிய பெட்டியாகச் செய்திருந்தார். பக்கத்தில் குனிந்தால் சன்னமாக ஒரு முனகல் கேட்டது. மின்சாரம் பாய்ந்தும் நகர முடியாமல் நிற்கிற மோட்டார் அப்படித்தான் முனகும். அவருக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் தெரியும்.

இருபத்தாறு வருஷம் அவர் ரயில் கட்டுப்பாட்டு அறையில் இதைவிடப் பெரிய பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். மழைக்காலத்தில் நிஜச் சுரங்கம் ஒழுகும். தண்டவாளம் நனைந்தால் ரயில் இல்லாமலேயே விளக்கு எரியும். தண்ணி விளக்கு என்று அதற்கு அங்கே செல்லப் பெயர். விளக்கு எரிந்தால் பின்னால் வரும் ரயிலை நிறுத்தி, ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அத்தனை மழைக்கும் ஆள் அனுப்பினால் ஒரு ரயிலும் வீடு போய்ச் சேராது என்பது பழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஆறு பத்துக்கு அந்த விளக்கு எரிந்தது. பின்னால் வந்த ரயிலின் ஓட்டுநர் சிக்னலில் நின்று, போகலாமா என்று போனில் கேட்டார். இவர் எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"ஒண்ணுமில்ல, தண்ணிதான். விடு."

அன்றைக்கு அது தண்ணீர் இல்லை. சுரங்கத்துக்குள் மஞ்சள் ரயில் ஒன்று பழுதாகி நின்றிருந்தது. அதன் கடைசிப் பெட்டியில் அவர் மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

விசாரணையில் பழியைப் பழைய கருவிகளின் தலையில் போட்டார்கள். அந்த ஓட்டுநரும் மோதலில் தப்பவில்லை. போனில் சொன்னது அவரோடு நின்றுவிட்டது. "நீங்க என்ன பண்ணுவீங்க, மெஷின் கெட்டுப்போச்சு," என்று மனைவி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் காட்டும் ஒவ்வொரு அன்பும் அவருக்கு நெஞ்சில் முள்.

சொல்வதற்குப் பதிலாகத்தான் இந்தப் பாதையைக் கட்டினார். தினமும் ஆறு பத்துக்குப் பச்சை ரயிலைச் சுரங்கத்துக்குள் அனுப்புவார். நீலத்தைச் சிக்னலில் நிறுத்தி வைப்பார். மூன்றாவது விளக்கு அணைந்து நான்காவது எரிந்த பிறகுதான் அதை நகர்த்துவார். பெட்டிகளுக்குள் நகத்தளவு பொம்மைகளை ஒட்டியிருந்தார். "பாப்பா எங்க உக்காந்திருக்கா?" என்று மனைவி ஒருநாள் கேட்டதற்கு, "அவ இறங்கிட்டா," என்றார். மஞ்சள் பெயிண்டை மட்டும் அவர் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மணி ஆறு எட்டு.

"என்ன ஸ்டேஷன் மாஸ்டர், இன்னும் வண்டி கிளம்பலையா?" மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மூணாவது எரியுது."

"எரிஞ்சா என்ன? மழை நாள். ஈரம் கோத்திருக்கும்."

"உள்ளே போய்ப் பாத்துட்டு வரேன். நீ எதையும் தொடாதே."

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா?" என்றாள் அவள். அவர் அதற்குள் மேஜைக்கு அடியில் தவழ ஆரம்பித்திருந்தார்.

ரயில் தடம் புரண்டால் எடுப்பதற்காகச் சுரங்கத்தின் அடிப்பலகையில், தண்டவாளத்தை ஒட்டி, தலை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டி, கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார். துணியை விலக்கித் தலையை உள்ளே நீட்டினார். ஈயப்பற்றின் வாசனை இல்லை. ஈர இரும்பும் தேய்ந்த பிரேக்கும் பல வருஷத்துப் பாசியும் சேர்ந்த வாசனை, நிஜச் சுரங்கத்தின் வாசனை. எங்கோ தண்ணீர் சொட்டியது. சொட்டின சத்தம் வெகுதூரம் போய்த் திரும்பி வந்தது. இரண்டு முழப் பெட்டிக்குள் அவ்வளவு தூரம் கிடையாது.

பிறகு கண் பழகியது.

ஒரு ரயில் நின்றிருந்தது. பின்பக்கம் இவரைப் பார்த்திருந்தது. இரண்டு சிவப்புப் பொட்டுகள். உள்ளே மங்கிய வெளிச்சம். மஞ்சள்.

கடைசிப் பெட்டியின் பின் ஜன்னலில் ஒரு பெண் நின்றிருந்தாள். நகத்தளவு. நனைந்த தலைமுடி. இரண்டு உள்ளங்கையும் கண்ணாடியில். அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

"பாப்பா," என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். அடையாளம் கண்டுகொண்டாள். அப்பா இருக்கிறார், இனி பயமில்லை என்கிற பார்வை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தலைக்கு மேலே அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. தண்டவாளத்தில் சக்கரங்கள் உட்காரும் சத்தம். கிளிக். கிளிக்.

"விடாதே," என்றார்.

"ஏங்க?"

ஏன். மூன்று வருஷமாகத் தொண்டையில் இருப்பது அதற்கான பதில்தான்.

"ஒண்ணுமில்லங்க, ஈரம்தான்." அழுகிற குழந்தையைத் தேற்றுகிற குரல். "இருங்க, விட்டுக் காட்டுறேன். மனசு சமாதானமாயிடும்."

வேகக் குமிழ் திரும்பியது. மரத்தூண்கள் அதிர்ந்தன. முதல் பிளாக். இரண்டாவது. அது பொம்மை ரயிலின் சத்தமில்லை. பலகை நடுங்கியது. பல் நடுங்கியது.

"நான்தான் விடச் சொன்னேன்," என்றார். "அன்னைக்கு நான்தான் விடச் சொன்னேன்மா. மெஷின் இல்ல."

அந்த இரைச்சலில் மேலே எதுவும் கேட்டிருக்காது.

தலையை வெளியே இழுத்துக்கொள்ளலாம். அவர் இழுக்கவில்லை. பிடரியில் காற்று மோதியது. பிறகு வெளிச்சம். அவருடைய தலையின் நிழல் மஞ்சள் பெட்டியின் மேல் விழுந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜன்னலில் இருந்தவளின் கண்கள் அவரை விட்டு, அவருக்குப் பின்னால் வருவதைப் பார்த்தன. பிறகு மறுபடி அவரைப் பார்த்தன. அவருடைய உதடுகளைப் பார்த்தன.

அவளுக்குக் கேட்டிருந்தது. கண்ணாடியிலிருந்து கைகளை எடுத்துவிட்டாள்.