மயில்கழுத்து வெளிச்சம்

கணினிப் பெட்டியை அவள் கவுண்டரில் வைத்த வேகத்தில் பேனாக்கள் உருண்டு ஓடின.

"வெள்ளை வெளிச்சம்தானே கேட்டேன்? இதென்ன... ஒரு நிமிஷம் வெள்ளை, ஒரு நிமிஷம் வானவில்?"

வெளியே நல்ல மழை. அவளுடைய மயில்கழுத்து நிறக் குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாகங்களைச் சேர்த்து அந்தப் பெட்டியைச் செய்து தந்த கடை இளைஞன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அகலமான, அமைதியான கண்கள்... அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது.

அவள் கல்யாண வீடியோக்களுக்கு நிறம் திருத்துகிறவள். பெட்டியின் வெளிச்சம் திரைக்குப் பின்னால் சுவரில் விழும். நேற்று சுவர் பச்சையானதும் மணப்பெண்ணின் முகம் அதிகமாகச் சிவந்து தெரிந்தது. சிவப்பைக் குறைத்தாள். காலையில் பார்த்தால், பெண் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவள் போல இருக்கிறாள்! இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அவன் பெட்டியைத் திரையோடு இணைத்துப் பார்த்தான்.

"இதுல லைட்டுக்கு ரெண்டு சாஃப்ட்வேர் இருக்குங்க. ஒண்ணு வெள்ளைங்குது, இன்னொண்ணு வானவில்ங்குது. ரெண்டும் அடிச்சுக்குது. நான் போட்டது ஒண்ணுதான்..."

"அப்ப நான் பொய் சொல்றேனா? வேலை தெரியாதவங்க எதுக்குக் கடையில நிக்கிறீங்க?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவனுடைய சித்தப்பா வந்தார். கடை அவருடையது.

"கஸ்டமர்கிட்ட வாயாடறியா? இனிமே கவுண்டர் பக்கம் வராதே. பின்னால குடோன்ல கிட!"

அப்போதுதான் அவள் திரையைப் பார்த்தாள். இரண்டாவது சாஃப்ட்வேர் ஏறிய நாள், செவ்வாய். அன்றுதான் புது கீபோர்டு வாங்கி, அதன் எழுத்துகள் மின்ன வேண்டுமென்று, கணினி கேட்டதற்கெல்லாம் 'சரி, சரி' என்று தட்டியிருந்தாள்...

அவள் முகம் மாறியதை அவன் கவனித்துவிட்டான். சித்தப்பா பார்ப்பதற்குள் அந்த இரண்டாவது சாஃப்ட்வேரை நீக்கினான். இனி மாறாதபடி வெள்ளையைப் பெட்டிக்குள்ளேயே பதித்து வைத்தான்.

"சரியாயிடுச்சுங்க" என்றான், அவ்வளவுதான். தப்பு தன்னுடையது என்று தெரிந்தும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று நாளாக அவளுக்குக் கோபம். என்ன பெரிய தியாகியா இவன்? ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேனே! மன்னிப்புக் கேட்கலாம் என்று கடை வாசல்வரை போவாள். நான் போய் இவனிடமா என்று திரும்பிவிடுவாள்.

நான்காம் நாள், தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் உள்ளே நுழைந்தாள்.

"சார், தப்பு என்னோடது! அந்த சாஃப்ட்வேரைப் போட்டது நான்தான். அவரைக் கவுண்டருக்குக் கூப்பிடுங்க, இப்பவே!"

சித்தப்பா மிரண்டுபோனார். "அட, மன்னிப்பை இப்படியாம்மா மிரட்டிக் கேட்பாங்க? குடோன்ல இருந்து வந்து அங்கதான் சோகேஸ் கம்ப்யூட்டருக்கு லைட் வெச்சிட்டிருக்கான். நீயே கூப்பிடு."

அவள் திரும்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கணினி ஒளிர்ந்தது. அதன் முன்னால் குந்தியிருந்தவன் திருதிருவென விழித்தான்.

"இது... என் குடையோட நிறம்."

"இல்லீங்க, சும்மா..."

"யார்கிட்ட? நாள் முழுக்க நிறத்தைப் பார்த்தே சோறு திங்கிறவ நான்!"

அவன் தலை கவிழ்ந்தது. "நாலு நாளா வெச்சுப் பார்க்கிறேன்... சரியாவே வரமாட்டேங்குது."

"எப்படி வரும்? பச்சை தூக்கலா இருக்கு. தள்ளுங்க!"

அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீலத்தைக் கொஞ்சம் ஏற்றினாள், பச்சையை ஒரு இழை இறக்கினாள். மழையில் நனைந்த அதே மயில்கழுத்து.

"பிடிச்சிருந்தா வாயைத் திறந்து சொல்லணும். அன்னைக்கும் பேசல, இன்னைக்கும் பேசல..."

"பிடிச்சிருக்குங்க."

"எனக்கும்தான்!" என்று கத்தினாள். கடையே திரும்பிப் பார்த்தது. அவள் கவலைப்படவில்லை. "இனிமே இந்த நிறத்தை மாத்தினீங்கன்னா இருக்கு..."