ஒன்பது நாற்பதுக்கு வந்த வாசகன்

சப்-இன்ஸ்பெக்டர் சங்கரியின் செல்போன் அலறியது. மணி காலை பதினொன்று ஐந்து.

"மேடம், பிள்ளையார்பாளையத்துல ஒரு பாடி!" கான்ஸ்டபிள் வீரபாகுவுக்கு மூச்சிரைத்தது. "ஆனந்தகுமார்னு ஒரு பிளாக்கர். பட்டு நூலை முறுக்கிக் கழுத்தை இறுக்கியிருக்காங்க. வீட்டு ஓனரம்மா எல்லம்மா இப்பத்தான் கதவைத் திறந்து பாத்துச்சாம்..."

"யாரையும் உள்ள விடாத. வந்துக்கினே இருக்கேன்!"

ஆனந்தகுமார்...

காஞ்சிபுரத்தில் எந்தக் கடைப் புடவை கைத்தறி, எது மில் சரக்கு என்று பிளாக்கில் புட்டுப் புட்டு வைத்தவன். தினமும் நாலாயிரம் பேர் படித்தார்கள். போன வாரம் ஜவுளிக்கடை காசிநாதனைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தான்.

"உன்னை உயிரோட விடமாட்டேன்டா!" என்று காசிநாதன் கடை வாசலில் கத்தியதற்குப் பத்துப் பேர் சாட்சி.

மதியம் இரண்டு மணிக்குக் காசிநாதன் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தார்.

"அம்மா, டூப்ளிகேட் ஜரிகை வித்தது நெசந்தாம்மா... கொலை பண்ற தைரியமெல்லாம் எனக்கு ஏதும்மா?"

"ஒரு கேஸ்லேர்ந்து தப்பிக்க இன்னொரு கேஸை ஒத்துக்கறீங்களா?"

சாயந்திரத்துக்குள் ரிமாண்ட் பண்ணச் சொல்லி மேலிடத்திலிருந்து இரண்டு போன் வந்துவிட்டது. சங்கரிக்கு மனசு ஒப்பவில்லை. ஆள் பித்தலாட்டக்காரர்தான்... அதற்காகக் கொலைகாரர் ஆக்கிவிடுவதா?

அப்போதுதான் உதயகுமார் உள்ளே நுழைந்தான். கையில் லேப்டாப். முகத்தில் ஏதோ பரிசு வாங்க வந்த பளபளப்பு!

"மேடம், நானும் பிளாக்கர்தான். 'காஞ்சிக் கண்' படிச்சிருப்பீங்களே?"

"இல்லியே."

அவன் முகம் சுருங்கியது. சமாளித்துக்கொண்டான்.

"பரவால்ல மேடம். கொலைகாரனை என்னோட அனலிட்டிக்ஸ் புடிச்சிக் குடுத்துடுச்சு! அனலிட்டிக்ஸ்னா..." எல்.கே.ஜி. டீச்சர் மாதிரி ஆரம்பித்தான். "பிளாக்குக்கு எந்த ஊர்லேர்ந்து வராங்க, எந்த நேரத்துல வராங்க, என்ன தேடிக்கினு வராங்க... எல்லாம் காட்டற டூல். போலீஸ்ல உங்களுக்கெல்லாம் இது புரியறது கஷ்டம்..."

"ஆமா சார், நாங்க லத்தி ஆளுங்க. மெதுவாவே சொல்லுங்க."

"போன வாரம் பூரா ஒரே ஊர்லேர்ந்து ஒரு ஆள் வந்துக்கினே இருந்தான். தேடினது என்ன தெரியுமா? 'ஆனந்தகுமார் வீடு எங்கே'! ஊரு ஏனாத்தூர். காசிநாதன் வீடும் ஏனாத்தூர்!"

"ஐயோ!" பெஞ்சிலிருந்து காசிநாதன் துள்ளினார். "வாட்ஸ்அப்பே என் பொண்ணு திரிஷா போட்டுக் காட்டினாத்தாம்மா பாப்பேன்!"

"ஏனாத்தூர்ல காலேஜ் பசங்களே ஆயிரக்கணக்குல இருக்காங்களே சார்?" என்றாள் சங்கரி. பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "அது கெடக்கட்டும். இன்னைக்கு உங்க பிளாக்குல ட்ராஃபிக் எப்படி?"

அவ்வளவுதான்... உதயகுமாருக்கு வாயெல்லாம் பல்! ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், இவனுக்கு ட்ராஃபிக்!

"மூவாயிரம் மேடம்! கொலைச் செய்தியைப் பதினொன்னு இருபதுக்கு முதல்ல போட்டதே நான்தான்!"

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். பதினொன்றரைக்கு மேல் கிராஃப் கோடு ஜிவ்வென்று ஏறியிருந்தது.

சங்கரி அதைப் பார்க்கவில்லை. கோடு தரையோடு கிடந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னப் புள்ளி. அதைத் தொட்டாள்.

"காலைல ஒன்பது நாப்பது. விசிட்டர் ஒண்ணு. பக்கத்தோட தலைப்பு... 'பட்டு நூலில் நெரிக்கப்பட்ட பிளாக்கர்!'"

நிமிர்ந்தாள்.

"எல்லம்மா கதவைத் திறந்ததே பதினோரு மணிக்கு. ஒன்பது நாப்பதுக்கு இதைப் படிச்சது யாரு சார்?"

"அ... அதான் மேடம்! படிச்சவன்தான் கொலைகாரன்! காசிநாதன்!"

"படிச்சவன்தான் கொலைகாரன். கரெக்ட்டு. ஆனா நீங்க பதினொன்னு இருபதுக்குப் போட்டதை அவர் ஒன்பது நாப்பதுக்கு எப்படிப் படிச்சாரு?"

உதயகுமார் லேப்டாப்பை மூடப் போனான். அவள் தடுத்தாள்.

"நான் சொல்லட்டா? ஏனாத்தூர் ஆளு நீங்க கட்டின கதை. எழுதி முடிச்சிட்டு, வெளியிடறதுக்கு முந்தி நல்லா இருக்குதான்னு ப்ரிவியூ போட்டுப் பாத்தீங்க. டூல் அதையும் எண்ணிடுச்சு! சொந்த விசிட்டை எண்ணாதேன்னு ஒரு செட்டிங் இருக்குது. நம்மூர்க் குடலை இட்லிக்கு நான் ஒரு பிளாக் வெச்சிருக்கேன்... முதல் நாளே அதைப் போட்டுட்டேன். நீங்க ஏன் போடல?"

"போட்டா... போட்டா..."

"போட்டா?"

"தினம் பதினெட்டு ஹிட்ஸ்... மூணா எறங்கிடும் மேடம்!"

வீரபாகு பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை இருமலாக்கினான்.

"ஏழு வருஷமா எழுதறேன் மேடம்!" உதயகுமார் உடைந்தான். "காலைல அவன்கிட்ட போயி, என் பிளாக்கைப் பத்தி ரெண்டு வரி எழுதுப்பான்னு கெஞ்சினேன். 'உனக்கு நீயேதான் வாசகன்'னு சிரிச்சான். மேசைல சாம்பிள் பட்டு நூல் கெடந்துச்சு..."

த்தூ! இதற்கா ஓர் உயிர்?

காசிநாதன் நைஸாக எழுந்தார். "அப்ப... நான் கெளம்பட்டுமாம்மா?"

"உக்காருங்க. ஜரிகை கேஸ் பாக்கி இருக்குது."

சாயந்திரம் கைது செய்தி ஊரெங்கும் பரவியது. சங்கரி பறிமுதல் செய்த லேப்டாப்போடு லாக்கப் அருகே வந்தாள்.

"உதயகுமார்! உங்க பிளாக்குக்கு இப்ப நாப்பதாயிரம் பேரு வந்திருக்காங்க!"

அவன் கம்பிக்கு முகத்தைக் கொண்டுவந்தான். அந்த நிலையிலும் கண்ணில் ஒரு மினுக்கல்!

"நெ... நெசமாவா மேடம்?"

"நெசந்தான். அதுல ஒண்ணு கூட உங்களுது இல்ல!"