பனிப்பிளவிலிருந்து ஒரு குரல்

டெலிபோன் அலறியது.

ஜெயராஜாவின் சுடுதேநீர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது.

வீட்டுக்குள் வேறு யாரும் இல்லை. மாமி கோயிலுக்குப் போயிருந்தாள். மச்சான் பேர்னாட் முற்றத்தில் மழையோடு மழையாகத் தகரப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். விடிந்தால் ஜெயராஜாவின் மனைவி றோசம்மாவின் நினைவுப் பூசை.

மணி நிற்கவில்லை...

சுவிஸிலிருந்தா? அந்தப் பனி எதையாவது துப்பிவிட்டதா?

2003. யுத்தம் நின்று, சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். அந்தத் துணிச்சலில்தான், ஊரைவிட்டு ஓடியிருந்த ஜெயராஜா மனைவியின் சாவுச் செய்தியோடு மட்டக்களப்பில் வந்து இறங்கினான். புளியந்தீவில் இருக்கும் அவள் வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

றோசம்மா போன வருடம்தான் சுவிஸுக்குப் போய் அவனைக் கைப்பிடித்தாள். வாவிக்கரையில் வளர்ந்தவள். மலை பார்க்கலாம் வா என்று அவன் கூப்பிட்டதும் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மலைக் குடிசைகளில் தங்கித் தங்கி நடந்தார்கள். பனியாற்றைக் கடக்கும்போது பனி பிளந்தது. இருவரையும் பிணைத்திருந்த கயிறு அறுந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை. விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது அந்த ஊர்ப் பொலிஸ்.

இதை எத்தனை தடவை சொல்வது?

விழும்போது பிள்ளை கத்தினாளா, கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமி ஒவ்வொரு நாளும் கேட்டாள். பேர்னாட் எதுவும் கேட்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தான். அதுதான் ஜெயராஜாவின் நித்திரையைக் கெடுத்தது. ஜன்னலைத் திறந்தால், மழையில் வெளுத்துக் கிடந்த வாவியும் அவனுக்குப் பனிவெளியாகவே தெரிந்தது.

"மச்சான், போனை எடுங்க. என்ர கையெல்லாம் சேறு," முற்றத்திலிருந்து பேர்னாட்.

எடுத்தான். "ஹலோ" என்றான். ஒரே இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல்.

"அத்தானா... நான்தான்."



அதே குரல்! மூக்கால் இழுத்துப் பேசும் அதே பேச்சு!

"ஆ... ஆரு?"

"என்னை ஆரெண்டு தெரியல்லியா? நனைஞ்சு விறைச்சுப்போய் நிக்கிறன். என்னை இப்பிடித் தனிய விட்டுட்டீங்களே..."

சுவரோடு சரிந்தான்.

"றோசா... நீ எப்பிடி வெளிய வந்த?"

அந்த இரைச்சல் பனிக்காற்றாக அவன் காதில் சீறியது.

"பொலிசுக்கு மட்டும் போகாத புள்ள. உன்ர கால்ல விழுறன். ஓம், கயிறு தானா அறல்ல. நான்தான் கத்தியால வெட்டினன். எனக்கு அங்க முதலே ஒருத்தி இருந்தவ... உனக்கிட்டச் சொல்ல ஏலாமப் போச்சு..."



நடுங்கி நடுங்கி வந்தது அந்தக் குரல்.

"அத்தான்... என்ன சொல்றீங்க? நான் மார்கிறட். அக்காட தங்கச்சி."

மார்கிறட்!

கொழும்பில் தாதியாக வேலை செய்பவள்; பூசைக்கு வர வேண்டியவள். ஜெயராஜா அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். குரலைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரே தொண்டை என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மெல்லத் திரும்பினான்.

வாசலில் பேர்னாட். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ... கண்கள் நிரம்பியிருந்தன. உள்ளே வந்து, சேற்றுக் கையால் ரிசீவரை வாங்கித் தங்கை சொன்னதைக் கேட்டான். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு வைத்தான்.

ஜெயராஜா கதவுப் பக்கம் பாய்ந்தான். சட்டைக் கொலர் பேர்னாட்டின் பிடியில் மாட்டியது.

"எங்க மச்சான் ஓடுறீங்க? ரயிலால இறங்கி மழைக்குள்ள நிக்கிறாளாம். ஸ்டேசனுக்கு ஒரு ஓட்டோ அனுப்பச் சொல்லத்தான் தங்கச்சி எடுத்திருக்கா."

பிடி இறுகியது.

"வாங்க, சேந்தே போவம். முதல்ல உங்கட ஸ்டேசன்... மறுகா அவட ஸ்டேசன்!"