வெந்நீர்த் தொட்டியில் தலைப்பிரட்டைகள்

‘நான் நினைப்பதால்தான் இந்தத் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறதா? நினைப்பதை நிறுத்திவிட்டால் நீலமாகிவிடுமா? நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் ஒரு நினைப்புதானே?’

டினியோவுக்குத் தலை சுற்றியது. அவள் நீச்சல் குளத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொலொக்வானே நகரில் இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முன்பு இருந்தவர்கள் மூன்று வருடங்களாகக் குளத்தைத் தொடவே இல்லை. தண்ணீர் கரும்பச்சையாகக் கிடந்தது. குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டமான வெந்நீர்த் தொட்டியும் இருந்தது. அதன் மோட்டார் எரிந்துபோய், வெறும் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது.

“கிறிஸ்துமஸுக்குள்ள கண்ணாடி மாதிரி ஆக்கிக் காட்டுறேன்!” என்று அப்பா எல்லா உறவினர்களுக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். இருபத்திரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். டினியோவின் அத்தை பிள்ளைகள் ஐந்து பேரும் நீச்சல் உடைகூட வாங்கிவிட்டார்கள்.

“நம்ம குடும்பத்துல யாருக்குங்க நீச்சல் தெரியும்?” என்று கேட்டார் அம்மா.

“குளம் இருந்தாத்தானே கத்துக்க முடியும்!” என்றார் அப்பா.

குளத்துச் சாமான் விற்கும் கடைக்காரர் ஒரே ஒரு யோசனைதான் சொல்லியிருந்தார். “அவசரப்பட்டு குளோரின் கொட்டாதீங்க. பம்ப் தினமும் எட்டு மணி நேரம் ஓடட்டும். அழுக்கெல்லாம் வடிகட்டியில போய் நிக்கும். தரை கண்ணுக்குத் தெரிஞ்சதும் குளோரின் போடுங்க.”

அப்பா அப்படியே செய்தார். காலை ஆறரைக்கு பம்பைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார். மாலையில் வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் குளத்தருகே ஓடுவார். பத்து நாட்களாகத் தரை தெரியவில்லை. தண்ணீர் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

“என்ன அண்ணே, மொரோகோ கீரை இன்னும் வேகலையா? அடுப்பை நல்லா எரிய விடு!” என்று சிரித்தார் மலோசெ சித்தப்பா. அவருக்கு மோட்டார் பழுதுபார்க்கும் வேலை. நாள் தவறாமல் வந்து கேலி செய்துவிட்டுப் போவார்.

“வாயை மூடு, மலோசெ” என்றார் அப்பா. ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் டினியோ தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏனென்றால், அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது.

நவம்பர் கடைசியில் பெய்த பெருமழைக்குப் பிறகு, தேரைகள் குளத்தில் முட்டையிட்டிருந்தன. கறுப்பு மணி கோத்த நூல் போல முட்டைகள் நீளமாக மிதந்தன. இப்போது ஆழமில்லாத பக்கத்துப் படிக்கட்டில் நூற்றுக்கணக்கான தலைப்பிரட்டைகள். சிலவற்றுக்குப் பின்னங்கால்கள்கூட முளைத்துவிட்டன. தண்ணீர் தெளிந்தால் அப்பா குளோரின் போடுவார். போட்டால் ஒன்றுகூடப் பிழைக்காது.

‘தெளியாமல் இருக்கட்டும்’ என்று டினியோ தினமும் நினைத்தாள். தண்ணீரும் தெளியாமல் இருந்தது. அப்பாவைப் பார்க்கும்போது, ‘ஐயோ, தெளியட்டுமே’ என்று தோன்றும். தலைப்பிரட்டைகளைப் பார்க்கும்போது, ‘வேண்டாம்’ என்று தோன்றும். தனக்கு உண்மையில் எதுதான் வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரே ஆளுக்குள் எப்படி இரண்டு பேர் இருக்க முடியும்?

“டினியோ! கரண்ட் போயிருச்சு!” என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மா கத்தினார்.

மணி எட்டு. அந்த மாதம் பெரும்பாலும் எட்டு மணிக்குத்தான் மின்வெட்டு. டினியோ எழுந்து ஓடினாள். மின்சாரம் திரும்பி வரும்போது குபீரென்று வரும். பழைய வீட்டில் அப்படித்தான் ஒரு குளிர்சாதனப் பெட்டி கருகிப்போனது. அன்றிலிருந்து, கரண்ட் போனால் எல்லாவற்றையும் அணைப்பது டினியோவின் வேலை. குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, வெந்நீர்க் கொதிகலன், கடைசியாகக் கார் கொட்டகைக்குப் பின்னால் போய் குளத்து பம்ப். எதையும் விடமாட்டாள்.

பத்தரைக்கு மின்சாரம் வந்தது. டினியோ மறுபடியும் படிக்கட்டு ஓரம் படுத்திருந்தாள். வீட்டுக்குள் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. அம்மா குளிர்சாதனப் பெட்டியைப் போட்டார், அது உறுமியது. தொலைக்காட்சியைப் போட்டார், யாரோ பாடினார்கள்.

டினியோ காதைத் தீட்டிக்கொண்டாள். இன்னும் ஏதோ ஒரு சத்தம் வர வேண்டுமே?

கார் கொட்டகைக்குப் பின்னால் மௌனம்.

அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள்.

“அம்மா! கரண்ட் வந்ததும் பம்பை யாரு போடுறாங்க?”

“நீதானே போடுவ?” என்றது சமையலறைக் குரல்.

“நான் அணைக்க மட்டும்தானே செய்வேன்? போடுறது நீங்கதானே?”

“வீட்டுக்குள்ள இருக்கறதைத்தான் நான் போடுவேன். வெளியில இருக்கறது உன் பொறுப்புன்னு நினைச்சேன்... என்னடி, எதுக்குக் கேட்கற?”

“சும்மா கேட்டேன்மா.”

அப்படியானால் பம்ப் ஆறரைக்கு ஓட ஆரம்பித்து எட்டு மணிக்கு நின்றுவிடுகிறது. எட்டு மணி நேரம் இல்லை, ஒன்றரை மணி நேரம்! மாலையில் வரும் அப்பா, எட்டு மணி நேரம் முடிந்ததும் அம்மா அணைத்துவிட்டார் என்று எண்ணிக்கொள்கிறார்.

குளத்தைப் பச்சையாக வைத்திருந்தது அவளுடைய நினைப்பு இல்லை. அவளுடைய விரல்.

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. உடனே பயமாக இருந்தது. யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் தலைப்பிரட்டைகள் பிழைத்துவிடும். ஆனால், கிறிஸ்துமஸ் அன்று இருபத்திரண்டு பேர் முன்னால் அப்பா அந்த வாடிய முகத்தோடு நிற்பார். சொன்னால் அப்பா சிரிப்பார். ஆனால், அந்தப் பின்னங்கால்கள்...

அன்று அவள் மதியச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டாள். “உடம்பு சரியில்லையா?” என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “தெரியலை” என்றாள் டினியோ. அது உண்மைதான்.

தட்டைக் கழுவ எழுந்தவள், சன்னல் வழியே வெந்நீர்த் தொட்டியைப் பார்த்தாள். மழைத் தண்ணீர். குளோரின் இல்லை. மோட்டார் எரிந்துபோனதால் யாருக்கும் தேவையும் இல்லை.

அவள் கீரை வடிகட்டியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

மாலை வரை வேலை இருந்தது. வடிகட்டியில் அள்ளுவது, வாளியில் விடுவது, தொட்டிக்குத் தூக்கிப் போவது. தேரையாகி வெளியே ஏற வசதியாக ஒரு பலகையையும் தொட்டிக்குள் சாய்த்து வைத்தாள். அப்பாவின் கார் வாசலில் நின்றபோது, அவள் முழங்கால்வரை பச்சையாக இருந்தாள்.

“அப்பா, பம்ப் எட்டு மணி நேரம் ஓடவே இல்லை” என்றாள். “கரண்ட் போனதும் நான் அணைச்சிடுறேன். அப்புறம் யாருமே போடுறதில்லை.”

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு குளத்தைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பத்து நாளா அந்தக் கடைக்காரரை மனசுக்குள்ளயே திட்டிக்கிட்டிருந்தேனே! பாவம் மனுஷன்!” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், “அது என்ன, தொட்டியில பலகை?” என்று கேட்டார்.

டினியோ சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், நினைத்ததையும் சேர்த்து.

அப்பா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இத்தனையா! சரி, தொட்டி எப்படியும் ஓடாமத்தானே கிடக்கு. கால் முளைச்சுப் போற வரைக்கும் இது உன் பொறுப்பு. யாரு கேட்டாலும் நீயே பதில் சொல்லிக்கோ.”

மறுநாளிலிருந்து பத்தரைக்கு பம்பைப் போட்டது டினியோதான். ஆறாம் நாள் குளத்தின் தரை தெரிந்தது. அங்கே ஒரு செருப்பும், இரண்டு கரண்டிகளும், யாருடையதோ மூக்குக்கண்ணாடியும் கிடந்தன. அப்பா குளோரின் போட்டார். தண்ணீர் பால் மாதிரி கலங்கி, பிறகு வெளிறி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வானம் கீழே விழுந்துவிட்டது போல நீலமாகிவிட்டது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அன்று மாலை மலோசெ சித்தப்பா இடுப்பில் துண்டும், கையில் ஒரு பழைய மோட்டாருமாக வந்து நின்றார்.

“அண்ணே! உனக்குக் கிறிஸ்துமஸ் பரிசு! ராத்திரி முழுக்க உக்காந்து சரி பண்ணினேன். இதை மாட்டினா வெந்நீர்த் தொட்டி பழையபடி ஓடும். நாளைக்கு நான்தான் முதல்ல உட்காருவேன், இப்பவே சொல்லிட்டேன்!”

அப்பா மோட்டாரைப் பார்த்தார், டினியோவைப் பார்த்தார்.

“டினியோக் கண்ணு, அந்த அழுக்குத் தண்ணியைத் திறந்து விடு. சித்தப்பா மோட்டாரை மாட்டுறேன்.”

டினியோ தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். பலகையின்மேல் நகம் அளவே உள்ள ஒரு தேரை, பாதி வாலோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கீழே மற்றவை தண்ணீருக்குள் வால்களை ஆட்டிக்கொண்டிருந்தன. சித்தப்பா நிஜமாகவே கஷ்டப்பட்டு மோட்டாரைச் சரி செய்திருக்கிறார். அது அவளுக்குத் தெரிந்தது. அவருக்குக் கோபம் வரலாம் என்பதும் தெரிந்தது. வழக்கமான குழப்பத்துக்காக அவள் சற்று நேரம் காத்திருந்தாள். அது வரவில்லை.

“மாட்டேன், சித்தப்பா.”

“என்னது?”

“இந்தத் தேரைகளுக்கு இன்னும் வால் போகலை. ஒரு வாரம் ஆகும்.”

“ஒரு வாரமா! நாளைக்குத்தானே கிறிஸ்துமஸ்! போயும் போயும் தேரைக்காகவா என்னைக் காக்க வைக்கற?”

“ஆமா, சித்தப்பா” என்றாள் டினியோ மெதுவாக. பிறகு சற்று நகர்ந்து, அவரும் உட்கார்ந்து பார்க்க இடம் விட்டாள்.