கோட்டைச் சுவரோரம் நின்றவன்

விளக்கை அணைக்க வேண்டாம், கண்ணுகளா. இது பட்டப்பகலில் நடந்தது.

துபாயில் ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் எப்படி இருக்கும் தெரியுமா? லுஹர் தொழுகை முடிந்து கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டால் சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் தெருவில் ஈ காக்கா இருக்காது. ஈரத் துணியைச் சுடச்சுட முகத்தில் போர்த்தியது மாதிரி காற்று நிற்கும். பூனைகூட நிறுத்தி வைத்த காரின் அடியிலிருந்து தலையை நீட்டாது. அந்த நேரத்தில்தான் காதர் மைதீன் சைக்கிளை உருட்டிக்கொண்டு தேரா படகுத்துறைக்கு வந்தான்.

அவன் வேலை செய்தது ஹபீப் முகம்மதின் தையல் சாமான் கடையில். ஜிப்பு, பட்டன், லைனிங் துணி எல்லாம் தையற்கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். க்ரீக்குக்கு இக்கரை காதர் மைதீனுக்கு, அக்கரை வாசுவுக்கு. ஒரு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வாசு லீவில் ஊருக்குப் போய்விட்டான்.

"என்ன காதரு, அக்கரைன்னா உனக்கு வயித்து வலி வந்துருதே," என்று முதலாளி காலையில்தான் கிண்டல் பண்ணியிருந்தார். "அங்க உனக்காக யாராச்சும் காத்துக்கிட்டு நிக்கிறாங்களா?"

சிரித்துவிட்டுப் போகிற பேச்சுதான். காதர் மைதீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இல்ல முதலாளி..."

"அப்ப யல்லா, கெளம்பு! கல்யாண உடுப்பு. ஜிப்பு இல்லாம தையக்காரர் கையப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காரு."

க்ரீக் பார்வைக்கு ஆறு மாதிரி இருக்கும். உண்மையில் அது கடல் ஊருக்குள் நீட்டிய கை. இரு கரையையும் அப்ரா என்கிற மரப்படகுகள்தான் சேர்த்துத் தைக்கும். கூட்டமில்லாத நேரமானால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். அன்றைக்குப் படகில் அவனும் படகுக்காரக் கிழவரும் மட்டும். கிழவர் அவனைப் பார்த்தார். பிறகு அவன் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பார்த்தார். அதில் பெல்லின் அடிப்பாகம் மட்டும் துருப்பிடித்து இருந்தது, மூடி இல்லை.

அந்த மூடி எங்கே போயிற்று என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

போன ஆகஸ்டில் அவன் மனைவி ருமைஸாவின் தம்பி ஹஸ்னைன் விசிட் விசாவில் வந்தான். கீழக்கரையை விட்டு வெளியே போகாத, தலையில் தேங்காயெண்ணெய் வழிகிற பிள்ளை. மாமியார் ஜுலைஹா பீவி போனில் அழுதாள். "அவனுக்கு ஊர் தெரியாது, பாஷை தெரியாது மாப்புள. ஆனா நீங்க ஒரு சொல் சொன்னா தட்ட மாட்டான்."

ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். கம்பெனி டிரைவர் லுஹருக்குப் பிறகு அக்கரைக் கோட்டைப் பக்கம் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. காதர் மைதீன் மச்சினனைக் கேரியரில் உட்காரவைத்து அங்கே கொண்டுவந்தான். வந்த பிறகுதான் தெரிந்தது, பாஸ்போர்ட் காப்பியை ரூமிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"நீ இந்தச் சுவரோரமே நில்லு. நகந்துட்டா டிரைவர் பாக்காமப் போயிருவான். யாரு கூப்பிட்டாலும் போகாத."

"பயமா இருக்கு மச்சான்."

"என்னடா பயம்? இந்தா, இதக் கையில வச்சுக்க." பெல்லின் மூடியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தான். "பெல் இல்லாம நான் எப்படி ஓட்டுவேன்? வந்துருவேன்ல."

அந்த வார்த்தை சத்தியமாகத்தான் சொன்னான், பாவம்.

ரூமில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சட்டை காயட்டும், அதுவரை கட்டிலில் சாயலாம் என்று சாய்ந்தான்.

அஸர் பாங்கு கேட்டுத்தான் கண் விழித்தான்.

ஓடி வந்தபோது சுவரோரம் யாருமில்லை. டிரைவர் வரவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்து போயிருந்தது. படகுக்காரக் கிழவர் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்: "அதோ நிழல். அதோ பள்ளிவாசல் தண்ணீர்க் குழாய். வா, வா என்று கத்தினேன் பாய். தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றான். மச்சான், மச்சான் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்."

வெயிலில் செத்துப்போனவனின் மையத்தை அங்கேயே அடக்கம் பண்ணினார்கள். ஊருக்குப் போன் போட்டு காதர் மைதீன் சொன்னான்: "ரூம்ல இருன்னுதான் சொன்னேன் மாமி. கேக்காம வெயில்ல சுத்தியிருக்கான்."

அவ்வளவுதான், அந்த ஒரு பொய்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் ஜுலைஹா பீவி, பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். "சொல் பேச்சு கேக்காம உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கித் தந்துட்டானே மாப்புள. பொறுத்துக்கங்க."

அவனும் பொறுத்துக்கொண்டிருந்தான்.

தையற்காரரிடம் ஜிப்பைக் கொடுத்துவிட்டு, க்ரீக் ஓரமாகவே திரும்பினான். காற்றுக்கோபுரம் வைத்த பழைய வீடுகள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தன. கட்டிப்போட்ட படகுகள் தண்ணீரில் அசையவில்லை. உப்பும் டீசலும் கலந்த வாடை. தூரத்தில் கோட்டை, மண்நிறச் சுவர், வட்டக் கோபுரம். பார்க்காமல் போய்விட வேண்டும் என்று தலையைக் குனிந்து மிதித்தான்.

சுவரைக் கடக்கும்போது பின்சக்கரம் அமுங்கியது.

பஞ்சர் என்று நினைத்தான். இல்லை. ஓடுகிற சைக்கிளில் பக்கவாட்டாக ஒரு துள்ளு துள்ளி ஏறி உட்காருவான் ஹஸ்னைன். அதே துள்ளல். ஹேண்டில்பார் ஒருமுறை ஆடி நிலைக்கு வந்தது.

தேங்காயெண்ணெய் வாசம்.

வாய் தானாக ஓத ஆரம்பித்தது. ஓதியபடியே அழுத்தி மிதித்தான். கோட்டை பின்னால் போனது. படகுத்துறை போனது. அடுத்த துறையும் போனது. பழைய காவல் கோபுரத்தின் நிழலற்ற அடிவாரம் வந்தது. கேரியரில் இருந்த கனம் அப்படியே இருந்தது. முதுகில் மட்டும் அடுப்பைத் திறந்த மாதிரி ஒரு சூடு.

"வந்துட்டீங்களா மச்சான்."

கேள்வியாகக்கூட இல்லை. நிம்மதியாகச் சொன்ன குரல்.

காதர் மைதீன் சைக்கிளை நிறுத்தினான். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

"நான் எங்கயும் போகல மச்சான். அந்தப் படகுக்காரர் கூப்பிட்டாரு. போகல."

"தெரியும்டா," என்றான்.

எதிரே அங்கும் ஒரு பள்ளிவாசல், அதன் சுவரில் தண்ணீர்க் குழாய். ஸ்டாண்டு போடாமல், சைக்கிளைப் பிடித்தபடியே, சங்கிலியில் தொங்கிய டம்ளரை நிரப்பித் தோளுக்குப் பின்னால் நீட்டினான். பாதி கொட்டியது.

மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம்.

டம்ளர் திரும்பி வந்தபோது கையைச் சுட்டது.

"மச்சான், உம்மாகிட்ட சொன்னீங்களா?"

"என்னத்த?"

"நான் சொன்ன பேச்சு கேட்டேன்னு."

சொல்லிவிட்டிருக்கலாம், கண்ணுகளா. இல்லை என்று ஒரு வார்த்தை. பையில் போன் இருந்தது, அந்த நிமிஷமே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ருமைஸாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. என் தம்பியைக் கொன்னுட்டு என் உம்மாவையே மன்னிப்புக் கேக்க வச்சியா என்று கேட்கிற முகம்.

"சொல்லிட்டேன்டா," என்றான்.

பின்னால் ஒரு பெருமூச்சு, சந்தோஷமாக.

சைக்கிளைத் திருப்பினான். கோட்டைச் சுவரோரம் போய் நிறுத்தினான். இதைச் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது.

"இங்கயே நில்லு. இப்ப வந்துர்றேன்."

"சரி மச்சான்."

கனம் இறங்கியது.

படகில் ஏறினான். கிழவர் கரையைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "அவன் வரலையா?" என்று இந்தியில் கேட்டார்.

"மாஃபி," என்றான் காதர் மைதீன். "யாரும் இல்லை."

நடுத் தண்ணீரில் போகும்போது கரையிலிருந்து கேட்டது. ஒரே ஒரு தடவை.

டிரிங்.

அன்று சாயங்காலமே மாமியார் கூப்பிட்டாள். வழக்கமாக ருமைஸாதான் முதலில் பேசுவாள். இன்று மாமியாரே பேசினாள். அழுகை இல்லாத குரல், அதுதான் அவனை உலுக்கியது.

"மத்தியானம் செத்த நேரம் கண்ணு அசந்தேன் மாப்புள. புள்ள கனவுல வந்தான். ஒரு மண் சுவரு பக்கம், தலைக்கு மேல வெயிலு. உள்ள வாடா, தண்ணி குடிடாங்குறேன். மாட்டேங்குறான். மச்சான் நிக்கச் சொல்லியிருக்காருங்குறான்."



"நீங்க நிக்கச் சொன்னீங்களா மாப்புள?"

ரூமில் ஏ.சி. ஓடும் சத்தம். ஒரு வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் அவன் தூக்கம் கெட்டுக் கிடந்தது.

"ஆமா மாமி," என்றான். எல்லாவற்றையும் சொன்னான். பெல் மூடியிலிருந்து கட்டில் வரைக்கும்.



"அப்ப எம்புள்ள சொல் பேச்சு கேட்டிருக்கான்."

"கேட்டான் மாமி. இப்பவும் கேக்குறான்."

"திட்டுறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. ருமைஸாகிட்ட நானே சொல்லிக்கிறேன்." பிறகு சொன்னாள்: "போயி அவனக் கூட்டிட்டு வாங்க மாப்புள. நிக்க வேணாம்னு சொல்லுங்க."

மறுநாள் அதே உச்சி வேளை. முதலாளி அனுப்பவில்லை, தானாகப் போனான். சுவரோரம் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வெயிலில் நின்றான்.

"ஹஸ்னைன். நேத்து உங்கிட்டயும் பொய் சொன்னேன்டா. அப்புறம் சாயங்காலந்தான் உம்மாகிட்ட சொன்னேன். எல்லாத்தையும். நீ நின்னது போதும். உன்னைக் கூப்பிடுறாங்க."

ஒன்றுமில்லை. சுவர் மட்டும் அனலைத் திருப்பி வீசியது.

அப்புறம், காதுக்குப் பக்கத்தில் தேங்காயெண்ணெய் வாசம்.

"உம்மா கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்கடா."

"அப்ப நான் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன். சைக்கிள எடுத்துக்கவா மச்சான்?"

"எடுத்துக்க."

உள்ளங்கையில் ஏதோ வைக்கப்பட்டது. வளைவான தகரம். அடுப்பிலிருந்து எடுத்த மாதிரிச் சுட்டது. விரல்கள் தாமாக அதை மூடிக்கொண்டன.

"இதக் கையில வச்சுக்கங்க," என்றது குரல், அன்பாக. "பெல் இல்லாம நான் எப்படி ஓட்டுவேன்? வந்துருவேன்ல."

பின்னால் ஸ்டாண்டு எழும்பும் சத்தம்.

டக்.

"யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க மச்சான். இங்கயே நில்லுங்க."

அவன் திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் இல்லை. புழுதியில் ஒற்றைத் தடம் நேராக ஓடிப் படகுத்துறைப் படியில் இறங்கித் தண்ணீருக்குள் போயிருந்தது.

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. அதோ நிழல். அதோ தண்ணீர்க் குழாய். படகுக்காரக் கிழவர் எழுந்து நின்று, இரு கையையும் ஆட்டி, "பாய்! இங்கே வா! தண்ணீர் குடி!" என்று கத்தினார்.

காதர் மைதீன் தலையை ஆட்டினான். அவன் கால் நகரவில்லை. நகர்த்தவும் அவனுக்கு மனமில்லை.

"மச்சினன் நிக்கச் சொல்லியிருக்கான் பாய்," என்றான் தமிழில். "இப்ப வந்துருவான்."

அங்கே கீழக்கரையில், வாசலில் யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. ஜுலைஹா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு எழுந்தாள்.