சொக்கியின் முதுகு

பூனையின் முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவே, எட்டணாக் காசு அகலத்துக்கு மயிர் உதிர்ந்திருந்தது. சௌந்தரம் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போனாள். பங்குனியில் மகள் அம்சவள்ளி அம்மை கண்டு இறந்ததிலிருந்து எல்லாமே அப்படித்தான். கண் பார்க்கும், காது கேட்கும், எதுவும் உள்ளே போய்ச் சேராது. கைக்குழந்தை அழுதால் மட்டும் கை தானாக நீண்டு தூளியை ஆட்டிவிடும்.

சொக்கி அம்சவள்ளி வளர்த்த பூனை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் மடியில் ஏறிக்கொள்ளும். இப்போது யார் மடியையும் தேடாமல் உள்ளறைச் சுவரோரம் கிடந்தது. அம்சவள்ளியைப் படுக்க வைத்திருந்த இடம் அது.

திண்டிவனத்தில் நிலக்கடலை ஆட்டும் மல்லாட்டை மில்லுக்குப் பின்புறம் அவர்களுடைய ஓட்டு வீடு. ஆடிக் காற்று மல்லாட்டைத் தோலின் தூசியை ஓட்டு இடுக்குகள் வழியாக உள்ளே இறைத்துக்கொண்டே இருந்தது. குடித்த தண்ணீரில்கூட எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது. மதியச் சாப்பாட்டுக்கு மில் நின்றதும், காலையிலிருந்து காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று வடிந்து, அந்த நிசப்தத்துக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் மேலே வரும். சரக், சரக். நின்று, மறுபடியும் சரக், சரக். பூனை சொறிந்துகொள்கிறது என்று அடுப்படியிலிருந்தபடி சௌந்தரம் நினைத்துக்கொள்வாள்.

வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினாள். புண் ஆறவில்லை. எட்டணா அகலம் உள்ளங்கை அகலமானது. மயிர் போன இடத்தில் தோல் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியது. காலையில் பெருக்கும்போது அந்தப் பொருக்குகள் துடைப்பத்தோடு வந்தன. எறும்பு எதுவும் அவற்றை மொய்க்கவில்லை.

ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பூனையைக் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் சொக்கியின் காதை மடக்கிப் பார்த்தார், வயிற்றைப் புரட்டிப் பார்த்தார்.

"சொறின்னா காது மடல்லதாம்மா ஆரம்பிக்கும். இதுக்குக் காது சுத்தமா இருக்குது. உண்ணியும் இல்ல."

புண்ணின் மேல் விரலை வைத்து அளப்பதுபோல் பார்த்தார்.

"இந்த எடத்துக்குப் பூனையோட காலு எட்டாது, நாக்கும் எட்டாது. வூட்ல பசங்க யாராச்சும் பறாண்டிக்கினு இருக்காங்களா?"

"இவன் ஒருத்தன்தாங்க."

"அப்ப பக்கத்து வூட்டுப் பசங்களா இருக்கும். நகத்த வெட்டி வுடச் சொல்லு" என்று கந்தகத் தைலத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அன்று மதியம் மில் நின்றபோது சௌந்தரம் அடுப்படியில் இல்லை. உள்ளறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை தூளியில் தூங்கியது. சொக்கி நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டு கண்மூடிக் கிடந்தது.

சரக், சரக்.

பூனை அசையவில்லை. அதன் முதுகு மயிர் மட்டும் வகிடு எடுத்ததுபோல் பிரிந்தது. நான்கு மெல்லிய கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். தோளிலிருந்து இடுப்பு வரை மெதுவாக இறங்கின. மறுபடியும் மேலிருந்து தொடங்கின. கோடுகள் சிவந்தன. ரத்தம் முத்து முத்தாக அரும்பியது. சொக்கியின் தொண்டைக்குள் குறுகுறுவென்று ஓர் இன்பச் சத்தம்.

"அரிக்குதும்மா. ஒரே ஒரு வாட்டி சொறிஞ்சிக்கிறேன். கைய அவுத்து வுடும்மா."

அம்சவள்ளி கடைசிவரை கேட்டது அது ஒன்றுதான். சொறிந்தால் முகமெல்லாம் தழும்பாகிவிடும் என்று, பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு கையையும் கட்டிப்போட்டவள் சௌந்தரம்தான். உயிர் போன பிறகுதான் அவிழ்த்தாள். அந்தப் பங்குனியில் தெருவில் அம்மை கண்டு செத்த பெரியவர்களின் கைகளையும் அப்படித்தான் கட்டிப்போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் புருஷன் சீனுவாசன் மில்லிலிருந்து வந்து பூனையைப் பார்த்தான்.

"சீக்கு புடிச்ச பூனை. கொழந்த இருக்கிற வூட்ல வெச்சிக்கினு இருக்கியே. ஒலக்கூருக்கு மில் லாரி போவுது. அங்க எங்கியாச்சும் வுட்டுட்டு வர்றேன்."

"வேணாங்க. இங்கியே கெடக்கட்டும்."

"ஏன்?"

அவளுக்கு ஏனென்று தெரிந்திருந்தது.

"அதுவும் இல்லன்னா..." என்று தொடங்கித் தூளியைப் பார்த்தாள். அவன் கோணிப்பையை உதறினான். பைக்குள் போகும்போது சொக்கி ஒரு சத்தமும் போடவில்லை.

மறுநாள் மதியம் சத்தம் இல்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். நிம்மதி வரும் என்று உட்கார்ந்திருந்தாள், அதுவும் வரவில்லை.

அதற்கு மறுநாள் மில் நின்றது. வெளியே காற்றும் நின்றிருந்தது. கந்தக வாடை இன்னும் அறையில் தங்கியிருந்தது.

சரக்.

பாயின் ஓரம். கோரை பிரியும் சத்தம். பிறகு சுவர், சுண்ணாம்பு உதிர்ந்தது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு துணியில் நகம் படும் சத்தம்.

தூளி.

குழந்தை விழித்துக்கொண்டு சிரித்தது. யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரித்தது. சிரிப்பு நின்றது.

சௌந்தரம் போய்க் குழந்தையைத் தூக்கினாள். அதன் முதுகில் ஒரே ஒரு கோடு. சிவப்பு. இன்னும் ரத்தம் வரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. இடது கையை வெறும் காற்றுக்கு நீட்டினாள்.

"அம்சா. தம்பிய வுட்டுடும்மா. இங்க வா."

சற்று நேரம் எதுவும் இல்லை. பிறகு மணிக்கட்டில் சில்லென்று பட்டது. சின்ன விரல்கள். நகம் நிறைய வளர்ந்திருந்தது. முழங்கை வரை ஒரு இழுப்பு. மறுபடியும் ஒரு இழுப்பு. தோல் சுருண்டு எழும்பியது. வலிக்கவில்லை. குழந்தை அவள் மார்பில் முகம் புதைத்துத் தூங்கத் தொடங்கியது.

வாசலில் சீனுவாசனின் செருப்புச் சத்தம்.

"சௌந்தரம், கதவத் தெற."

அவள் எழுந்திருக்கவில்லை. சின்ன விரல்கள் இடது கையில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ரத்தம் பாயில் சொட்டியது.

அப்போது பின்புறமிருந்து, அவளுடைய கழுத்தை மறைத்த மயிரை ஒரு கை மெல்ல ஒதுக்கியது.

பெரிய கை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில், தங்கள் முறைக்குக் காத்திருப்பவைபோல், இன்னும் பல.